பிராக்னோசிஸ் சொல்லிக் கையெழுத்து வாங்கியாச்சு மேடம்

எந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எந்த வார்டின் கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும், ஆபத்தான நிலையில் இருக்கும் நோயாளியின் தாளில் ஒரு வரி தவறாமல் இருக்கும். நோயாளியின் மோசமான நிலைமை உடனிருப்பவர்களுக்கு விளக்கப்பட்டது என்று. கீழே ஒரு கையெழுத்து, அல்லது பெருவிரல் ரேகை. பக்கத்தில் குறித்திருக்கும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியதாக இருக்கும். எழுதியவர் முதலாம் ஆண்டு பிஜி, அதாவது முதுநிலைப் படிப்பு படிக்கும் இளம் மருத்துவர். வராந்தா விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு, ஒரு கையில் பேனாவும் இன்னொரு கையில் கேஸ் ஷீட்டுமாக, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவரப்பட்ட மகனிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பார். காலை ரவுண்ட்ஸில் சீஃப், அதாவது யூனிட்டின் தலைமை மருத்துவர், கேட்பார்: "சொல்லிட்டீங்களா?" "பிராக்னோசிஸ் சொல்லிக் கையெழுத்து வாங்கியாச்சு சார்." பிராக்னோசிஸ் என்றால் நோய் இனி எப்படிப் போகும் என்ற கணிப்பு. ரவுண்ட்ஸ் அடுத்த படுக்கைக்கு நகரும்.

மயக்க மருந்தியல் படித்து, பிறகு வலி நிவாரணத்துக்கும் ஆதரவு சிகிச்சைக்கும் (பாலியேட்டிவ் கேர்) வந்தவள் நான். பல ஆண்டுகளாக மற்றத் துறைப் பிஜிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்த ஒரு வரி என்னை விடவே மாட்டேன் என்கிறது. ஒரு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடுவதற்கு முதலில் சீனியர் போடுவதைப் பார்க்க வேண்டும், பிறகு கூட நின்று உதவ வேண்டும், பிறகு சீனியர் பக்கத்தில் நிற்கத் தான் போட வேண்டும், அதற்கப்புறம்தான் தனியாகப் போடலாம். ஆனால் ஒரு மனிதரிடம் உங்கள் அப்பா பிழைக்க மாட்டார் என்று சொல்வதை மட்டும், யாரும் செய்துகாட்டாமல், யாரும் பக்கத்தில் நிற்காமல், யூனிட்டிலேயே வயதில் இளையவர் தலையில் கட்டுகிறோம். அவர் அதை எப்படிச் செய்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். மூன்று வருடப் படிப்பில் இதை நூறு முறை செய்கிற பிஜி எதைக் கற்றுக்கொள்வார்? சட்டப்படி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றுக்கொள்வார். அது அவர் தப்பில்லை. நாம் நடத்திய பாடம் அதுதான்.

பாடத்திட்டத்தில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது ஆதரவு சிகிச்சையும் வந்தது, மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனி மாட்யூலும் வந்தது. அந்த முதல் பேட்ச்தான் இப்போது பிஜிகளாக வார்டுக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. கெட்ட செய்தி சொல்வதற்கான ஆறு படிகளைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். தனியிடம் தேடு, அவருக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், சொல், உணர்வுக்கு இடம் கொடு, அடுத்தது என்ன என்று பேசு. 2000-இல் அமெரிக்க, கனடா மருத்துவர்கள் வகுத்தளித்த நல்ல முறைதான் அது. செமினார் ஹாலில் ரோல் பிளே வைத்தால் அழகாகச் செய்துகாட்டுகிறார்கள். அதே பிஜி அன்றிரவு டியூட்டியில், அதே வராந்தா விளக்குக்குக் கீழே, பேனாவை நீட்டிக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறார். ஏனென்றால் வார்டில் சீஃப் அப்படித்தான் செய்கிறார். ஹாலில் கேட்டது வார்டில் பார்த்ததை ஜெயிப்பதே இல்லை.

பேச்சிலிருந்து தொடங்காதீர்கள்

ஆதரவு சிகிச்சை என்றதும் எல்லோரும் உரையாடல் திறனிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நானும் பல இடங்களில் அப்படி நடத்தக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுவை சிகிச்சைப் பிஜி ஒருவரை உட்காரவைத்துக் 'கனிவு' பற்றி ஒரு மணி நேரம் பேசினால், இது தன் துறை இல்லை என்று மனதுக்குள் முடிவுகட்டிவிடுவார். அவரிடம் கைவேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் புண்ணாக வெடித்து, வார்டு முழுக்க நாற்றம் அடித்து, மூலைப் படுக்கைக்கு ஒதுக்கப்பட்ட அம்மாக்களை எல்லா சர்ஜரி வார்டிலும் பார்த்திருக்கிறோம். வெட்டியெடுக்க முடியாது என்றானதும் ரவுண்ட்ஸ் அந்தப் படுக்கையைத் தாண்டித் தாண்டிப் போகும். அங்கே பிஜியைக் கூட்டிப்போய், மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கிப் பொடியாக்கி, புண்ணைச் சலைனால் கழுவி, அந்தப் பொடியைத் தூவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டச் சொல்கிறேன். காயும் துணியைப் பிய்த்து எடுக்காமல் நனைத்து எடுக்கச் சொல்கிறேன். நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாமல் வளரும் கிருமிகள், அவற்றைக் கொல்லும் மருந்து இது என்பது அவர் இரண்டாம் வருடத்தில் படித்ததுதான். சில நாளில் நாற்றம் அடங்கும். அந்த அம்மா மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பிஜி கண்ணால் பார்ப்பார். அதற்குப் பிறகு அவரை நான் கூப்பிட வேண்டியதில்லை, அவரே வருவார். "மேடம், அந்தம்மாகிட்ட அடுத்து என்ன பேசறதுன்னு தெரியல" என்று. உரையாடல் வகுப்பை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வைக்க வேண்டும்.

மார்ஃபினும் அப்படித்தான். 1985-இன் போதைப்பொருள் சட்டம் எழுதப்பட்ட விதத்தில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் வாய்வழி மார்ஃபினைத் தொடாமலே பயிற்சி முடித்துப் போனார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் பழைய உரிமங்களின் வரிசை இல்லாமல் வாங்கி வைத்திருக்க வழி வந்துவிட்டது. ஆனால் பயம் சட்டத்தோடு சேர்ந்து திருத்தப்படவில்லை. பிஜிக்கு வலி மாத்திரை என்றால் ட்ராமடால், காலையும் இரவும். மார்ஃபின் எழுதச் சொன்னாலும் கை தானாகக் காலை ஒன்று இரவு ஒன்று என்றே எழுதுகிறது. அது நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும், ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகல்ல கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், இடையில் வலி குத்தினால் ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தரலாம், முதல் நாளிலிருந்தே மலச்சிக்கலுக்கும் மாத்திரை எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே சொன்னவைதான் இவற்றில் முக்கியமானவை. இதைப் பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, பிஜியை ஒரு நாள் வீட்டுப் பராமரிப்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே சிறந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, தன் வீட்டுக்காரருக்கு எந்த மாத்திரை எப்போது என்று தெரிந்துகொள்ள, எங்கள் நர்ஸ் உறையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்திருப்பார். நடுராத்திரி இரண்டு மணி மாத்திரைக்கு அந்தப் பாட்டி எழுந்திருக்க வேண்டாமே என்று, படுக்கும்போது இரட்டை அளவாகக் கொடுக்கிறோம் என்று அங்கே சொன்னால் பிஜிக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

"கவுன்சிலிங் பண்ணுங்க மேடம்"

நான் இவ்வளவு தூரம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு டி.எம். நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவ உயர்படிப்பு) மாணவர். நல்ல படிப்பாளி. ஒருநாள் மத்தியானம் போன் செய்தார். "மேடம், ஒரு பேஷண்ட் டயாலிசிஸ் வேணாங்கறாரு. வந்து கவுன்சிலிங் பண்ணுங்க." எங்கள் ஆஸ்பத்திரிகளில் கவுன்சிலிங் என்றால், மாட்டேன் என்பவரைச் சரி என்று சொல்லவைப்பது. நான் வருகிறேன், ஆனால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் உட்கார்ந்திருப்பேன் என்றேன். அவருடைய சீஃபையும் வரச்சொல்ல முடியுமா என்று கேட்டேன். சீஃப் வருவார் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. வந்தார்.

நோயாளி எழுபதை நெருங்கும் ஒரு நெசவாளி. சர்க்கரையில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. மெஷினில் போட்ட ஒன்றரை மணி நேரத்தில் பிரஷர் இறங்கி, பாதியில் நிறுத்துவதே வழக்கமாகியிருந்தது. காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம் என்பதால் பணம் பிரச்சினை இல்லை. அதனாலேயே, எதற்காக வேண்டாம் என்கிறார் என்பது யூனிட்டுக்கு விளங்கவில்லை.

போவதற்கு முன் டியூட்டி ரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம். அவருடைய நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை டி.எம். மாணவர் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்தினா நானே கொன்ன மாதிரி ஆயிடும் மேடம். நாளைக்குக் கேஸ் ஆச்சுன்னா?" அந்தப் பயத்தை வெளியே சொல்லவைக்காமல் ஒருவரை நோயாளி முன்னால் உட்காரவைக்கக் கூடாது. இல்லையென்றால் அந்தப் பயம்தான் பேசும். சுயநினைவோடு, புரிந்து, எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்கிற வயதுவந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நினைவில்லாதவர்களுக்கும் முன்கூட்டியே உயில்போல் எழுதிவைப்பவர்களுக்கும் தனி நடைமுறை உண்டு. அதையும் 2023 ஜனவரியில் எளிமையாக்கினார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டியதில்லை, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். மருத்துவக் குழுவில் இருப்பவர்களுக்கு இருபது வருட அனுபவம் வேண்டும் என்றிருந்தது ஐந்து வருடமானது. இது எதுவும் அந்த மாணவருக்குத் தெரியாது. சீஃபும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படுக்கை அருகே மூன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். கேஸ் ஷீட்டை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மாணவர் ஆரம்பித்தார். "ஐயா, டயாலிசிஸ் வேணாம்னு சிஸ்டர்கிட்ட சொன்னீங்களாமே. எதனால?" பெரியவர் பதில் சொல்லவில்லை. மாணவருடைய கை கேஸ் ஷீட்டைத் தேடி என் பக்கம் வந்தது, பிறகு திரும்பிப் போனது. பொட்டாசியம் கூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வாயெடுத்தார், நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்தைத்தான் நான் பயிற்சி என்கிறேன். வகுப்பில் அதைச் சொல்லித்தர முடியாது, பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் வரும். நெடுநேரம் கழித்துப் பெரியவர் பேசினார்.

"மெசின்ல போட்டு எடுத்தா ரெண்டு நாளு எந்திரிக்க முடியல. மூணாம் நாளு திரும்பக் கூட்டியாந்துர்றாங்க. மகளுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. சாவணும்னு சொல்லல தம்பி. இப்பிடி வேணாங்கேன்."

"வீட்டுலயே இருந்தா உங்களுக்கு என்ன செய்யணும்னு இருக்குங்கய்யா?"

"தண்ணி குடிக்கணும். ஒரு சொம்புத் தண்ணி. அளந்து அளந்து குடிச்சு நாக்கு செத்துப்போச்சு."

டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு சொல்லி எழுதிக்கொடுப்பதே அந்த மாணவர்தான். அந்த அளவுத் தாளில் அவர் கையெழுத்து இருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். உருகிப்போய், குடியுங்கள் ஐயா என்று சொல்லிவிடவில்லை. வயிறு நிறையக் குடித்தால் அந்த இதயத்துக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறும் என்பது அவருக்குத் தெரியும். "குடிக்கலாம். ஒரேயடியாக் குடிச்சா மூச்சு வாங்கும். அதுக்கு மருந்து தர்றேன். கொஞ்சம் கொஞ்சமா, ஆனா அளக்க வேண்டாம்" என்றார். கிட்னி படித்தவரால்தான் அந்தப் பதிலைச் சொல்ல முடியும். என்னால் அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க முடியாது.

மகள் வெளியே நின்றிருந்தார், உள்ளே கூப்பிட்டோம். மகனும் வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு மகன் மாணவரைப் பார்க்காமல் சீஃபைப் பார்த்தார். "அப்ப கைவிட்டுட்டீங்களா சார்?" மாணவரும் சீஃபைத் திரும்பிப் பார்த்தார். சீஃப் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "மெஷினைத்தான் நிறுத்தறோம். அப்பாவைப் பாக்கறத நிறுத்தல. வெள்ளிக்கிழமை காலையில நானே உங்களுக்குப் போன் பண்றேன்." எவ்வளவு நாள் என்று மகள் கேட்டதற்கு, சிறுநீர் அநேகமாக இல்லாதவர்களுக்கு நிறுத்திய பிறகு பொதுவாக ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள், முன்பின் ஆகலாம், எனக்கும் சரியாகத் தெரியாது என்றார். தங்கள் சீஃப் ஒரு நோயாளியின் குடும்பத்திடம் தெரியாது என்று சொன்னதை அந்த யூனிட்டின் மாணவர் முதன்முறையாக அன்றுதான் கேட்டார்.

கேஸ் ஷீட்டில் எழுதியது

திரும்பி வரும்போது மாணவர் கேட்டார்: "இதை எப்படி மேடம் கேஸ் ஷீட்ல எழுதறது?" நடந்ததை எழுதுங்கள் என்றேன். அரைப் பக்கம் எழுதினார். நோயாளி என்ன சொன்னார், அவருக்கு எது முக்கியம், எதை நிறுத்துகிறோம், எதைத் தொடர்கிறோம், மூச்சு வாங்கினால் என்ன, குமட்டினால் என்ன, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும். வழக்கமான அந்த ஒற்றை வரி அதில் இல்லை. சீஃப் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மருந்து எழுதுவதில்தான் மாணவர் எனக்கே சொல்லித்தந்தார். கிட்னி வேலை செய்யாதவருக்கு மார்ஃபினின் உடைந்த பொருட்கள் உடம்பில் தேங்கும், அரை மயக்கமும் கைகால் வெட்டி வெட்டி இழுப்பதும் வரும், ஆகவே ஃபென்டனில் அல்லது புப்ரெனார்ஃபின் என்று மூலக்கூறு மூலக்கூறாக விளக்கினார். இரண்டுமே எனக்கும் தெரிந்தவைதான், ஆனால் அளவையும் இடைவெளியையும் அவர் யோசித்த விதம் வேறு மாதிரி இருந்தது. ஆதரவு சிகிச்சை தன் துறையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்திருந்தவர், அது தன் துறைக்குள்ளேயேதான் இருக்கிறது என்று அந்த அரை மணி நேரத்தில் கண்டுகொண்டார். பெரியவர் வீட்டுக்குப் போனார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சீஃப் போன் செய்தார். ஒரு வாரம் கழிந்து பெரியவர் வீட்டிலேயே இறந்தார். இரண்டு நாள் தூக்கமாகவே இருந்தாராம். மகள் மாணவருக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னார்.

இதிலிருந்து என் அபிப்பிராயம் ஒன்று கெட்டிப்பட்டுவிட்டது. ஆதரவு சிகிச்சையைப் பிஜிகளுக்கு மட்டும் சொல்லித்தருவதில் பயனில்லை. சீஃபையும் ஸ்டூலில் உட்காரவைக்க வேண்டும். இன்று யூனிட் சீஃபாக இருப்பவர்களுக்கும் இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. அவர்களும் ஒரு காலத்தில் அதே வராந்தாவில் தனியாகப் பேனாவோடு நின்றவர்கள்தான். எத்தனையோ வருடம் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். வரமாட்டார் என்று நினைக்கிற சீஃப்கள் கூப்பிட்டால் வருகிறார்கள் என்பது நான் பார்த்த உண்மை. வகுப்புக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். தங்கள் நோயாளிக்காகக் கூப்பிட்டால் வருவார்கள்.

இதையெல்லாம் ஸ்பெஷலிஸ்ட்களிடம் விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஆதரவு சிகிச்சைக்கென்று தனி எம்.டி. படிப்பை இந்திய மருத்துவக் கவுன்சில் 2010-இல் அங்கீகரித்தது. மும்பை டாடா மருத்துவமனையில் 2012-இல் தொடங்கியது. இன்றும் இடங்கள் குறைவு. கேரளாவில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கியது ஒரு மக்கள் இயக்கமாகவே வளர்ந்து, நர்ஸ்களும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் போகிற நிலை வந்தது. அந்த ஊர் வாசல்வரை வந்த பராமரிப்பு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வுக்குள்ளும் டயாலிசிஸ் அறைக்குள்ளும் நுழைய வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிற மருத்துவருக்கு இந்தத் திறன் வேண்டும். என்னைக் கூப்பிடுகிற நேரம் பெரும்பாலும் கடைசி இரண்டு நாளாக இருக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தது மட்டுமல்ல, இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். இந்த எண்ணை ஆன்காலஜி பிஜிகளிடம் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். ஆரம்பத்திலிருந்தே நோயாளியோடு கூட இருப்பவர் நானல்ல, அந்தப் பிஜிதான்.

கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, தேர்வில் கேட்கவும் வேண்டும். பிஜி எதைப் படிப்பார் என்பதைத் தேர்வுதான் முடிவு செய்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாமெல்லாரும் அப்படிப் படித்தவர்கள்தான். தேர்வில் ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து விளக்கும் லாங் கேஸில் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளியைக் கொடுத்து, மர்மர் கேட்டு, எக்கோ படித்து, மருந்துகளைச் சொல்லி முடித்ததும் மணி அடித்துவிடுகிறது. அந்த நோயாளி இதே வருடத்தில் நான்காவது முறை அட்மிட் ஆனவர் என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இவருக்கு இனி எது முக்கியம் என்று அவரிடம் கேட்டீர்களா, மூச்சு வாங்கும்போது வீட்டிலேயே கொடுக்க என்ன எழுதித் தருவீர்கள், அதன் அளவு என்ன, ராத்திரி யாருக்குப் போன் செய்வார்கள்? இந்த மூன்று நான்கு கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு தேர்வில் கேட்டால் அடுத்த பேட்ச் முழுக்கப் படித்துவிடும்.

எங்கள் நெஃப்ராலஜி சீஃப் அடுத்த முறை எக்ஸாமினராகப் போகும்போது இதைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். பொது மருத்துவத்திலும் சர்ஜரியிலும் கார்டியாலஜியிலும் எக்ஸாமினராக இருப்பவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், நீங்களும் கேளுங்கள் சார், கேளுங்கள் மேடம். பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லாங் கேஸில் என்ன கேட்பது என்பது இப்போதே உங்கள் கையில்தான் இருக்கிறது.